சின்னப் புயல், 38 செயற்கைக்கோள்கள்: காந்தப்புலம் ஆடினால் மேலே காற்று ஏன் அடர்த்தியாகிறது?

மேகமற்றவானம்

2022 பிப்ரவரி 3 அன்று ஸ்பேஸ்எக்ஸ் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 சில நாட்களிலேயே வளிமண்டலத்தில் விழுந்து எரிந்த கதை இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். காரணம் புவிகாந்தப் புயல் என்றார்கள். எனக்கு இடிக்கிற இடம் ஒன்று உண்டு. அது பெரிய புயலே இல்லை. ஜி1 முதல் ஜி5 வரை போகிற அளவுகோலில் ஜி1, அதாவது சிறு புயல் என்றுதான் அறிவிப்பு வந்தது. ஜி5 புயலையே தாங்கி நின்ற செயற்கைக்கோள்கள் எத்தனையோ இருக்கும்போது இவை மட்டும் ஏன் விழுந்தன?

இன்னொன்று, புயல் என்றால் பூமியின் காந்தப்புலம் ஆடுகிறது என்று படித்திருக்கிறேன். காற்றில் பெரும்பகுதி மின்னூட்டம் இல்லாத அணுக்கள்தானே? காந்தப்புலம் எப்படி ஆடினால் அவற்றுக்கென்ன?

கேள்விக்குறி

எனக்கும் சந்தேகம்தான். சூரியனிலிருந்து ஓயாமல் கிளம்பி வரும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், அதாவது சூரியக் காற்று, நேராக வந்து செயற்கைக்கோளை மோதித் தள்ளுகிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதுதான் காரணமென்றால் 11 மட்டும் எப்படித் தப்பின? ஏதோ வடிவமைப்புக் கோளாறு, பழியைத் தூக்கிச் சூரியன் மேல் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கீழ்ச்சுற்று

முதலில் அந்தக் காணொளிக் கதையை ஓரம்கட்டிவிடலாம். பூமிக்கு அருகே சூரியக் காற்றின் அழுத்தம் சுமார் 2 நானோபாஸ்கல். வெறும் சூரிய ஒளி தரும் அழுத்தமே அதைவிட இரண்டாயிரம் மடங்கு அதிகம். போதாததற்கு, சூரியக் காற்று 200 கிமீ உயரம் வரை நேராக வந்துவிடவும் முடியாது. பூமியின் காந்தப்புலம் அதைப் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலேயே திருப்பிவிடுகிறது. ஆக, தள்ளியது சூரியன் இல்லை. இழுத்துப் பிடித்தது நம் காற்றுதான்.

கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். 100 கிலோ எடை, காற்றை எதிர்கொள்ளும் பரப்பு 1 சதுர மீட்டர் என்று ஒரு செயற்கைக்கோளை வைத்துக்கொள்வோம். 400 கிமீ உயரத்தில் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 3 நானோகிராம். கிலோவில் சொன்னால் 3 × 10⁻¹². கடல்மட்டத்தில் 1.2 கிலோ. இவ்வளவு மெலிந்த காற்றிலும் அந்தச் செயற்கைக்கோள் நாளொன்றுக்குச் சுமார் 300 மீட்டர் இறங்கும். வினாடிக்கு 7.7 கிமீ வேகத்தில் ஓடுவதால் வருகிற வினை இது.

அதே செயற்கைக்கோளை 210 கிமீக்குக் கொண்டுவாருங்கள். அடர்த்தி 2.5 × 10⁻¹⁰ அளவில் இருக்கும். இப்போது நாளொன்றுக்கு 24 கிமீ இறங்கும். இறங்க இறங்க அடர்த்தி கூடும், இன்னும் வேகமாக இறங்கும். அந்த 49-ஐயும் விட்ட இடம் இதுதான், ஏறத்தாழ 210 கிமீ. புயலால் இழுவை முந்தைய ஏவுதல்களைவிட 50 சதவீதம் வரை கூடியதாக ஸ்பேஸ்எக்ஸே சொன்னது. 400 கிமீயில் 50 சதவீதம் கூடினால் 300 மீட்டர் 450 ஆகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். 210 கிமீயில் 24 என்பது 36 கிலோமீட்டர் ஆகும். சின்னப் புயலே போதுமானதாக இருந்த ரகசியம் புயலில் இல்லை, உயரத்தில் இருக்கிறது.

11 தப்பியதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. எஞ்சினின் உந்துவிசையும் காற்றின் இழுவையும் மல்லுக்கட்டிக்கொண்டு கிட்டத்தட்டச் சமமாக நிற்கும் இடத்தில், எது எப்போது தன் நிலையைச் சீராக்கிக்கொண்டு மேலேறத் தொடங்கியது என்பதிலேயே முடிவு மாறிவிடும். செயற்கைக்கோள்களைக் காகிதத்தைப் பக்கவாட்டில் பிடித்ததுபோல விளிம்பு முன்னால் இருக்கும்படி திருப்பி, பாதுகாப்பு நிலையில் வைத்தார்கள். அதிலிருந்து வெளியே வந்து எஞ்சினை இயக்கி உயர ஏறுவதற்கு, கூடிய இழுவை பலவற்றை விடவில்லை. அடுத்தடுத்த ஏவுதல்களில் இறக்கிவிடும் உயரத்தை 300 கிமீக்கு மேல் தூக்கிவிட்டார்கள்.

துருவஒளி

மேகமற்றவானத்தின் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. மின்னூட்டம் இல்லாத காற்று ஏன் காந்தப்புலத்துக்கு அசைகிறது?

நேராக அசைவதில்லை, தரகர் வழியாக அசைகிறது. 100 கிமீக்கு மேலே காற்றில் ஒரு சிறு பங்கு அயனிகளாக, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களாகவும் மூலக்கூறுகளாகவும், இருக்கிறது. சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தால் அது பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்துகொள்ளும். அப்போது சூரியக் காற்றின் ஆற்றல் உள்ளே நுழைய வழி திறக்கிறது. துருவப் பகுதிகளில் பலத்த மின்புலம் உருவாகி அயனிகளை வேகமாக ஓட்டுகிறது. ஓடும் அயனிகள் சும்மா நிற்கும் அணுக்களையும் மூலக்கூறுகளையும் மோதிக்கொண்டே போகின்றன. அந்த உராய்வுதான் வெப்பமாகிறது. மின்கம்பியில் மின்னோட்டம் போகும்போது பிறக்கும் அதே ஜூல் வெப்பம், இங்கே கம்பிக்குப் பதில் காற்று. பெரும்பகுதி 110 முதல் 150 கிமீ வரையிலான அடுக்கில் இறங்குகிறது. துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்களும் தங்கள் பங்குக்குச் சூடேற்றுகின்றன, ஆனால் பொதுவாக ஜூல் வெப்பமே அதிகம்.

அமைதியான நாட்களில் தெர்மோஸ்பியரை, அதாவது செயற்கைக்கோள்கள் ஓடும் இந்த மேல் வளிமண்டல அடுக்கைச் சூடாக்குவது சூரியனின் தீவிரப் புறஊதாக் கதிர்கள். பெரும் புயல் நேரத்தில் துருவங்கள் வழியாக வரும் இந்த ஆற்றல் அதை எட்டிப்பிடித்துவிடும், சில மணி நேரங்களுக்குத் தாண்டியும் விடும். வித்தியாசம் என்னவென்றால் புறஊதா பகல்பக்கம் முழுவதும் பரவி விழுகிறது, இது இரண்டு துருவ வளையங்களில் குவிந்து விழுகிறது.

மேகமற்றவானம்

சரி, துருவத்தில் சூடாகிறது. நடுக்கோட்டுக்கு மேலே பறக்கிற செயற்கைக்கோளுக்கு என்ன கவலை? அப்புறம், சூடானால் காற்று விரிந்து அடர்த்தி *குறையத்தானே* வேண்டும்?

துருவஒளி

விரிகிறது என்பது சரி. எந்தப் பக்கம் விரிகிறது என்று பாருங்கள். கீழே பூமி, பக்கத்தில் வேறு காற்று. விரிய இடம் மேலேதான். கீழ் அடுக்குகளில் இருந்த அடர்ந்த காற்று மேலே ஏறி வருகிறது. காற்றோடு சேர்ந்து மேலே போகும் ஒருவர் பார்த்தால் அடர்த்தி குறைந்துதான் தெரியும். ஆனால் செயற்கைக்கோள் காற்றோடு சேர்ந்து உயர்வதில்லையே, 400 கிமீயில் நிலையாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பாதைக்கு நேற்று வரை 350 கிமீயில் இருந்த காற்று வந்து சேர்கிறது.

எண்ணில்: 400 கிமீ உயரத்தில் ஆதிக்கம் செலுத்துவது அணு நிலை ஆக்சிஜன். 1000 கெல்வின் வெப்பநிலையில் ஏறக்குறைய 60 கிமீ உயர்ந்தால் அதன் அடர்த்தி 2.7 பங்கில் ஒரு பங்காகக் குறையும். வெப்பநிலை 1250 கெல்வின் ஆனால் அந்த 60 என்பது 75 ஆகும். 200 கிமீயில் அடர்த்தி மாறவில்லை என்றே வைத்துக்கொண்டு 400 கிமீக்குக் கணக்குப் போடுங்கள். முதல் நிலையில் 3.6 சதவீதம் மிஞ்சும், இரண்டாவதில் 7 சதவீதம். வெப்பநிலை கால்வாசிதான் கூடியது, அடர்த்தி இரட்டிப்பாகிவிட்டது. மேலே போகப் போக இந்தப் பெருக்கம் இன்னும் கூடும். (நிஜத்தில் 200 கிமீயிலும் கொஞ்சம் மாறும், காற்றின் கலவையும் மாறும். நைட்ரஜன் மூலக்கூறுகள் மேலேறி வந்து ஆக்சிஜனின் பங்கைக் குறைக்கும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

நடுக்கோட்டுக் கேள்விக்கு: துருவத்தில் திடீரென்று சூடான காற்று அலைகளைக் கிளப்புகிறது. வினாடிக்கு 600 முதல் 800 மீட்டர் வேகத்தில் அவை கிளம்பி மூன்று, நான்கு மணி நேரத்தில் நடுக்கோட்டை எட்டுகின்றன. வடக்கிலிருந்து வருவதும் தெற்கிலிருந்து வருவதும் அங்கே சந்தித்து ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து போவதும் உண்டு. பின்னாலேயே காற்றோட்டமும் வெப்பத்தை எடுத்துவருகிறது. இரவுப் பக்கமும் தப்பாது. புயல் தொடங்கிச் சில மணி நேரத்தில் உலகம் முழுவதும் மேல் வளிமண்டலம் பொங்கியிருக்கும்.

கேள்விக்குறி

1000 கெல்வின் என்றால் செயற்கைக்கோள் உருகாதா என்று யாராவது கேட்பதற்குள் நானே கேட்டுவிடுகிறேன்.

கீழ்ச்சுற்று

உருகாது. ஒவ்வொரு அணுவும் வேகமாகப் போகிறது, ஆனால் மோத ஆளே இல்லை. அந்த உயரத்தில் செயற்கைக்கோளைச் சூடாக்குவது வெயில்தான்.

பழங்கணக்கு

இதெல்லாம் இன்றைக்குக் கண்டுபிடித்தது இல்லை. 1957-இல் ஸ்புட்னிக் 1 மேலே போகும்வரை 200 கிமீக்கு மேல் காற்று எவ்வளவு என்பது பெரும்பாலும் ஊகம்தான். அக்டோபர் 4 அன்று ஏவப்பட்டது, 1958 ஜனவரி 4 அன்று விழுந்தது. அது எப்படி இறங்கியது என்பதை வைத்தே அடர்த்தியைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். அடுத்து ஸ்புட்னிக் 3-இன் பாதையைத் துருவித் துருவிப் பார்த்த ஸ்மித்சோனியன் வானாய்வகத்தின் லூய்ஜி யாக்கியா, காந்தப்புயல் அடித்த சமயங்களில் அது சட்டென்று கூடுதலாக இறங்கியதை 1959-இல் எழுதினார். கருவி எதுவும் இல்லை, செயற்கைக்கோளே கருவி. இன்றும் பயன்படும் ஜேபி2008 என்ற அடர்த்தி மாதிரியின் பெயரில் உள்ள 'ஜே' அவர்தான்.

அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப்பை இந்த விஷயத்தில் எல்லோரும் இழுப்பார்கள். 1979 ஜூலை 11 அன்று விழுந்தது, துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் பகுதியில் சிதறின. ஆனால் அதை ஏதோ ஒரு புயல் வீழ்த்தவில்லை. எதிர்பார்த்ததைவிட வீரியமான சூரியச் சுழற்சி (ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனின் செயல்பாடு கூடிக் குறைவது), பல மாதங்களாகக் கூடுதல் புறஊதா, அதனால் மெல்ல ஊதிய வளிமண்டலம். புயல் என்பது ஓரிரு நாள் கூத்து. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

புயலுக்கு நேரடியாகப் பலியானது என்று எனக்குத் தோன்றுவது ஜப்பானின் அஸ்கா எக்ஸ்ரே தொலைநோக்கி. 2000 ஜூலை 14 அன்று சூரியனில் பெரிய வெடிப்பு, மறுநாள் பூமியில் கடும் புயல். காற்று அடர்த்தியானதில் இழுவை மட்டுமா கூடியது? தொலைநோக்கியைத் திருப்பிவிடும் முறுக்கும் கூடியது. நிலைநிறுத்தும் சக்கரங்களால் அதைத் தாங்க முடியவில்லை. சூரியப் பலகைகள் சூரியனை விட்டு விலகின, மின்கலம் வடிந்தது, ஆய்வு அத்தோடு முடிந்தது. 2001 மார்ச்சில் வளிமண்டலத்தில் எரிந்துபோனது.

மேகமற்றவானம்

அஸ்கா கதை எனக்குப் புதிது. அப்படியானால் பெரிய புயலில் 400, 500 கிமீயில் எத்தனை மடங்கு கூடும்? நேரில் அளந்திருக்கிறார்களா?

கீழ்ச்சுற்று

அளந்திருக்கிறார்கள். சேம்ப், கிரேஸ் என்று இரண்டு திட்டங்கள், 2000-இலும் 2002-இலும் தொடங்கியவை. ஈர்ப்புப் புலத்தை அளக்கப் போனவை. அதற்காக, ஈர்ப்பு அல்லாத விசைகள் எவ்வளவு என்று தெரிய நுண்ணிய முடுக்கமானிகளை வைத்தார்கள். அவர்களுக்குக் கழித்துப் போட வேண்டிய எண்ணாக இருந்த இழுவை, தெர்மோஸ்பியர் ஆட்களுக்குப் புதையலாகிவிட்டது. 2003 அக்டோபர் கடைசியில் வந்த புயல்களில் அடர்த்தி சில மணி நேரத்தில் பல மடங்காக எகிறியதை இவை நேராகப் பதிவு செய்தன.

இழுவையில் இன்னொரு வேடிக்கை உண்டு. பிரேக் பிடித்த செயற்கைக்கோள் வேகம் *கூடி* ஓடும். 400 கிமீ அளவில் 1 கிமீ இறங்கினால் வேகம் வினாடிக்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் கூடுகிறது. இழந்த நிலையாற்றலில் பாதி இயக்க ஆற்றலாகிறது, மீதி காற்றில் வெப்பமாகப் போகிறது. அதனால் புயலுக்குப் பிறகு அது எதிர்பார்த்த இடத்துக்கு *முன்னால்* இருக்கும்.

எவ்வளவு முன்னால்? மேலே சொன்ன 100 கிலோ செயற்கைக்கோளையே எடுங்கள். புயலில் அடர்த்தி ஒரு நாள் முழுக்க இரட்டிப்பாக இருந்தால் கூடுதலாக 300 மீட்டர் இறங்கியிருக்கும். 300 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி, அன்றைய முடிவில் கணித்த இடத்துக்கு 20 கிமீக்கு மேல் முன்னால் போயிருக்கும். ராடார் பழைய கணிப்பை நம்பி வானத்தில் அந்த இடத்தைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

1989 மார்ச் 13 புயலில் நடந்தது இதுதான். கனடாவின் கியூபெக்கில் மின்சாரம் போனது எல்லோருக்கும் தெரியும். மேலே, அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கணித்த இடத்தில் இல்லாமல் போய், ஒவ்வொன்றாகத் தேடி மறுபடி அடையாளம் காண வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், விழுவதைவிட இந்தக் குழப்பம்தான் பெரிய ஆபத்து. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த ஜி5 புயலைப் பாருங்கள், 2003-க்குப் பிறகு அந்த அளவை எட்டிய முதல் புயல். கீழ்ச்சுற்றுப்பாதையில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் இழந்த உயரத்தை மீட்க ஏறத்தாழ ஒரே சமயத்தில் எஞ்சினை இயக்கின. ஒரு பக்கம் காற்றடர்த்தி யாருக்கும் சரியாகத் தெரியாது. மறுபக்கம் எல்லோரும் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள். மோதல் எச்சரிக்கை கொடுக்கிறவர் எந்தப் பாதையை நம்பிக் கணக்குப் போடுவார்?

கேள்விக்குறி

நீங்கள் சொல்வதைக் கேட்டால் புயல் நல்லது என்றும் வாதிடலாம் போலிருக்கிறதே. விண்வெளிக் குப்பையும் சேர்ந்துதானே இறங்கும்? இலவசத் துப்புரவு.

கீழ்ச்சுற்று

கீழே உள்ள குப்பைக்கு ஓரளவு உண்மை. 2021 நவம்பரில் ரஷ்யா தகர்த்த காஸ்மாஸ் 1408 சுமார் 480 கிமீயில் இருந்தது. அதன் துண்டுகளில் பெரும்பகுதியை அடுத்து வந்த சூரிய உச்சம் இறக்கிவிட்டது. 2007-இல் சீனா தகர்த்த ஃபெங்யுன் 1சி 850 கிமீக்கு அருகே இருந்தது. அங்கே அடர்த்தி பத்து மடங்கு கூடினாலும் ஒன்றுமில்லாததில் பத்து மடங்கு. அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. துப்புரவு வேண்டிய இடத்துக்குத் துப்புரவாளர் வருவதில்லை.

துருவஒளி

இங்கே யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்திலேயே எனக்கு அழகாகத் தெரிவது இதுதான். புயல் முடிந்ததும் காற்று பழைய நிலைக்குத் திரும்பும் என்று நினைப்போம். பல சமயம் அது பழைய நிலையையும் தாண்டிக் *கீழே* போய்விடுகிறது. புயலுக்கு முந்தைய நாளைவிட மெலிந்த காற்று.

காரணம் நைட்ரிக் ஆக்சைடு. துருவங்களில் விழும் எலக்ட்ரான்கள் நைட்ரஜன் மூலக்கூறுகளை உடைக்கின்றன. உடைந்த அணுக்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகின்றன. இந்த மூலக்கூறு ஆக்சிஜன் அணுக்களோடு மோதி ஆற்றலை வாங்கி, 5.3 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியாக வெளியே விட்டுவிடும். சூடேற்றிய அதே புயல் குளிரூட்டியையும் கூடவே தயாரித்துக்கொள்கிறது. டைம்டு செயற்கைக்கோளில் உள்ள சேபர் கருவி 2002 ஏப்ரல் புயல்களின்போது இந்த ஒளி திடீரென்று பெருகியதை அளந்தது. சூடு போன பிறகும் நைட்ரிக் ஆக்சைடு சில நாட்கள் தங்கிவிடுவதால் குளிர்ச்சி தொடர்கிறது.

கணிக்கும் மாதிரிகள் பல இந்த இடத்தில்தான் சறுக்கும். புயல் குறியீடு பழைய எண்ணுக்கு வந்துவிட்டது, எனவே அடர்த்தியும் வந்திருக்கும் என்று மாதிரி நினைக்கும். காற்றுக்கு அந்த அவசரம் இல்லை.

பழங்கணக்கு

குளிர்ச்சி என்றதும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரைக்கு அருகே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் அதே வாயு மேலே 15 மைக்ரான் அகச்சிவப்பில் வெப்பத்தை வெளியேற்றி மேல் வளிமண்டலத்தைக் குளிரவைக்கிறது. பல பத்தாண்டுச் சுற்றுப்பாதைத் தரவுகளைச் சலித்துப் பார்த்ததில் 400 கிமீயில் அடர்த்தி பத்தாண்டுக்குச் சில சதவீதம் குறைந்துகொண்டே வருவது தெரிகிறது. புயல் ஒரு நாளில் செய்வதோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஆனால் திரும்பி வராத மாற்றம், குப்பை இறங்கும் வேகத்தையும் குறைத்துக்கொண்டே போகும்.

மேகமற்றவானம்

மாதிரிகள் சறுக்கும் என்றீர்கள். அவற்றுக்கு என்ன எண்களைக் கொடுக்கிறார்கள்?

கீழ்ச்சுற்று

பெரும்பாலும் இரண்டு. சூரியனின் புறஊதாவுக்குப் பதிலாளாக 10.7 செமீ ரேடியோ அலையின் அளவு. புறஊதா தரையை எட்டாது, இந்த ரேடியோ அலை எட்டும், கனடாவில் 1947 முதல் அளக்கிறார்கள். இரண்டாவது காந்தக் குறியீடு. எம்சிஸ் மாதிரிகள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் ஏபி எண்ணை எடுக்கின்றன. ஜேபி2008 புயல் நேரத்தில் நடுக்கோட்டுப் பக்கக் காந்தப்புலம் எவ்வளவு தாழ்ந்தது என்று காட்டும் டிஎஸ்டி எண்ணை எடுக்கிறது, கடும் புயல்களில் அது நன்றாக வேலை செய்கிறது. இரண்டுமே நடந்துவிட்டதைச் சொல்லும் எண்கள். நாளைக்கு என்ன என்று கேட்டால் சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கே திரும்புமா என்று தெரிய வேண்டும். அதை அளப்பது பூமியிலிருந்து 15 லட்சம் கிமீ தள்ளி நிற்கும் விண்கலங்கள். அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அவ்வளவுதான் நம் கையில் இருக்கும் அவகாசம்.

மேகமற்றவானம்

2024 மே புயலை நானே தரவில் பார்க்க முடியுமா? பொதுவெளியில் கிடைக்கும் இரண்டு வரிச் சுற்றுப்பாதைத் தரவு போதுமா?

கீழ்ச்சுற்று

தாராளமாக. இரண்டாவது வரியின் கடைசிப் பக்கம் ஒரு நாளில் எத்தனை சுற்று என்ற எண் இருக்கும். 400 கிமீயில் 15.5 அளவில் வரும். மே 5 முதல் 20 வரை அதை வரைந்து பாருங்கள். சீராக ஏறும் கோடு 10, 11 தேதிகளில் செங்குத்தாகும், பிறகு ஏற்றம் மறுபடி மெதுவாகும். முதல் வரியில் பி-ஸ்டார் என்று ஓர் இழுவை எண் உண்டு. அந்தக் கணக்குமுறைக்குப் புயல் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அதற்கு வளிமண்டலம் என்றைக்கும் ஒரே மாதிரிதான். அதனால் காற்றடர்த்தியின் ஏற்றம் முழுவதும் இந்த எண்ணின் தலையில் விழுந்து அது எகிறிப்போகும். எஞ்சின் உள்ள எதையும் எடுக்காதீர்கள், எது காற்று எது எஞ்சின் என்று பிரிக்க முடியாது. காலியான ராக்கெட் உடல் ஒன்று, ஏறக்குறைய வட்டப்பாதை, 450 முதல் 550 கிமீக்குள். அது உருண்டுகொண்டே போவதால் காற்றுக்குக் காட்டும் பரப்பும் சராசரியாகிவிடும்.

கேள்விக்குறி

வரைந்தால் இங்கே போடுங்கள். எனக்கு 12, 13 தேதிகள்தான் வேண்டும். துருவஒளி சொல்லும் அந்த மெலிந்த காற்று கோட்டில் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.